பின் சீற்றின் அளவு

டென்மார்க்கின் சில்க்போர்க்கில், எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில்தான் அந்த அண்ணையைச் சந்தித்தேன். ட்ரெய்லரிலிருந்து இறக்கிய, பனிமேல் ஓட்டும் பழைய ஸ்னோமொபில் வண்டிக்குப் பக்கத்தில், தொழிற்சாலைச் சீருடையோடு நின்றார். நரைத்த மீசை, எண்ணெய் படிந்த விரல்கள்.

"தம்பி, நீங்கள் எத்தினை கிலோ?"

"அறுபத்திரண்டு."

"நல்லதாப் போச்சு. பின் சீற்றில ஒருக்கா இருங்கோ."

பின் இருக்கையில் ஏறி இருந்தேன். வண்டி எவ்வளவு பதிகிறதென்று நாடாவால் அளந்தார். ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி இருக்கச் சொன்னார். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் சீற்றை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார்.

"புது ஷொக் அப்சோபர் போடலாமே அண்ணை?"

"அந்த விலைக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கலாம். இதைக் கழட்டி, சீல் மாத்தி, புது எண்ணெய் விட்டிருக்கிறன். ஸ்பிரிங்கும் பழசுதான், ஆனால் இளக்கமானது. மிச்சம் அளந்து சரிக்கட்டுறதுதான்."

அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். முன்பு மாசி மாதங்களில் இருவரும் சுவீடனுக்குப் போய் இதில் ஓடுவார்களாம். கடைசி முறை ஒரு மேட்டில் வண்டி குதித்தபோது அந்த அக்கா வலியில் அழுதிருக்கிறார். அதன்பின் இருவருமே போகவில்லை.

"அவவும் உங்கட நிறைதான்" என்றார்.

"இந்த முறை அக்கா வாறாவோ?"

நாடாவைச் சுருட்டினார். "இன்னும் கேக்கேல்லை."

மாசியில் ஒரு வாரம் ட்ரெய்லரைக் காணவில்லை. வீட்டிலும் ஆளில்லை. இருவரும்தான் போயிருக்கவேண்டும். அவர் என்ன சொல்லிக் கேட்டிருப்பார் என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.