கால் தரையில், பல்பு கூரையில்

எட்டாத உயரத்தில் இருக்கும் பல்பை மாற்றுவதுதான் என் தொழில் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் பெண் தரமாட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே எனக்குக் கல்யாணமாகிவிட்டது.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் உச்சியில் எரியாத பல்பு ஒன்று இருக்கும். தினமும் அண்ணாந்து பார்த்து, 'ஞாயிற்றுக்கிழமை பாப்போம்' என்று சொல்லியிருப்பீர்கள். அது எந்த ஞாயிறு என்று உங்களுக்கே தெரியாது. எங்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். வளைகுடாவுக்குப் போனவர்கள் கட்டிய வீடுகளில் ஹால் இரண்டு மாடி உயரம். பிள்ளைகள் வெளிநாட்டில்; ஏணி, வீட்டு வேலை முடிந்த அன்றைக்கே கொத்தனாரோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது வயதான இரண்டு பேரும் எரியாத ஒரு பல்பும்தான்.

நான் இருபது வருடம் ஷார்ஜாவில் கட்டிடப் பராமரிப்பில் இருந்தவன். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து, குதிகாலில் இரண்டு ஆணியோடு நாற்பத்தேழு வயதில் ஊருக்கு வந்தேன். பல்பு மாற்றப் போகிறேன் என்றதும் என் மனைவி சுனிதா சொன்னாள்: "சத்தியமெல்லாம் வேண்டாம், நம்ம சபையில அது வழக்கமில்லை. சும்மா சொல்லுங்க, போதும். காலு தரையை விட்டு எழும்பாதுன்னு சொல்லுங்க." சொன்னேன். எழும்பினால் மறுநாளே களியக்காவிளையில் அவளுடைய அண்ணனின் டைல்ஸ் கடையில் பில் போடுகிற நாற்காலியில் உட்கார வேண்டும். அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "காலு எப்படி இருக்கு?" என்று கேட்பார். தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார என்னால் ஆகாது.

ஆகவே ஏணி இல்லாத தொழில். ஒன்றுக்குள் ஒன்று செருகும் அலுமினியக் கம்பு மூன்று துண்டு. நுனியில் ஒரு சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. சிரட்டைக்குள் ஒட்டுப்பால், ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அதுதான். பல்பைக் கவ்விப் பிடிக்க அதைப்போல ஒன்று கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை மலையாளமும் பிறகு தமிழும் படித்தவன் என்பதால் குழப்பம் எனக்குப் பழகிப்போன சங்கதி என்று நினைத்திருந்தேன். தொழிலுக்கு வந்த பிறகுதான் அது ஆரம்பப் பாடம் என்று தெரிந்தது.

திருகலும் தள்ளலும்

முதல் அழைப்பு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து. ஷார்ஜாவில் எல்லாமே திருகு பல்பு. இடது பக்கம் சுற்றினால் கழன்று கையில் வரும். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் 'பின்' பல்பு. மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளி, பிறகு லேசாகத் திருப்ப வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பிறந்து வளர்ந்ததே இங்கேதான். ஆனால் தெரிந்தது தலைக்கு. கைக்கு இருபது வருடப் பழக்கம் வேறு.

சுவிட்சை அணைத்தேன். சிரட்டையைப் பொருத்தினேன். சுற்றினேன். நன்றாகவே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சார் பக்கத்தில் நின்று, தேர்வு அறையில் மேற்பார்வை பார்ப்பதுபோல ஒவ்வொரு சுற்றையும் கவனித்தார். 'துருப்பிடித்த மரை போலிருக்கிறது' என்று எனக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்திச் சுற்றினேன். பல்பு, ஹோல்டர், ஒரு முழம் வயர், ஒரு கை சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து இறங்கி வந்தன. என் கால் மட்டும் தரையிலேயே இருந்தது. சார் மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓய், பல்பைக் கேட்டா வயரையும் சேத்துல்லா இறக்கிப் போட்டீரு. ஒரு காரியம் செய்யும், கூரையையும் கொஞ்சம் இறக்கிரும், பொறவு நானே மாத்திக்கிடுவேன்."

குவைத்திலிருந்து ஒரு விரல்

அடுத்தது ஒரு அம்மாவும் அவர் கணவரும் மட்டும் இருக்கும் வீடு. மகன் குவைத்தில். ஹாலின் நடு விளக்கு எரியவில்லை. கம்பை நீட்டிப் பழையதை எடுத்துப் புதியதை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது. அந்த அம்மா காப்பி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் அணைந்தது. புதிய பல்பிலும் கெட்டது உண்டுதான். இன்னொன்று மாட்டினேன். எரிந்தது, அணைந்தது. மூன்றாவதும் அப்படியே. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஒரு சமயம் கரண்ட் உண்டு, ஒரு சமயம் இல்லை. காப்பி ஆறிப்போனது. அந்த ஐயா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, வாஸ்து பார்க்காமல் கட்டிய வீடு என்று ரகசியம் சொன்னார்.

அப்போது மகன் வீடியோவில் வந்தான். "மம்மி, பட்டப்பகல்ல ஹால்ல ஏன் லைட்டு? நான் அணைக்க அணைக்க யாரு போடுதது?" போன லீவுக்கு வந்தபோது சுவிட்சுப் பெட்டிக்குள் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அங்கிருந்தே போனில் தட்டினால் இங்கே அணையும். அதைச் சொன்னானாம், இவர்கள் மறந்துவிட்டார்களாம். நான் கழற்றிய முதல் பல்பு உட்பட நான்கும் நல்ல பல்புகள். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"அவன் சின்னதுலயே அப்படியாக்கும். நாம வேதம் வாசிச்சிட்டு இருந்தாக்கூட லைட்டை அணைச்சிட்டுப் போயிருவான்."

எரிய வேண்டாத பல்பு

நெய்யூர் பக்கம் ஒரு வீடு. "பூஜை அறை இல்லாத வீட்டில் இதுதான் பூஜை அறை" என்று சொல்லும்படி ஹாலின் ஒரு சுவர் முழுக்க பைபிள் வசனப் பலகைகள். மேலே உச்சியில் ஒரு பழைய குண்டு பல்பு. போனில் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மேல ஒரு பல்பு உண்டு, வந்து பாரு மோனே." பார்த்தேன். கருத்து, தூசி படிந்து, உள்ளே இழை அறுந்து கிடந்தது. இதற்குக் கேள்வி எதற்கு? கழற்றினேன். (தள்ளித் திருப்பினேன், கவனியுங்கள்.) புதிய எல்.இ.டி. மாட்டி சுவிட்சையும் போட்டேன். ஹால் பளிச்சென்று ஆனது.

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து மேலே பார்த்தார். "ஐயோ" என்றார். என் கையிலிருந்த செத்த பல்பை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். இதைத் திருப்பி மாட்டு என்றார். எரியாது அம்மா என்றேன். மாட்டு என்றார். வீடு பிரதிஷ்டை அன்று போதகரையா ஜெபம் பண்ணி, தன் கையால் சுவிட்சைப் போட்டு எரியவைத்த முதல் பல்பு அது. என்னை அழைத்தது தூசி துடைக்க. எரிகிற பல்பைக் கழற்றிவிட்டு எரியாத பல்பை மாட்டியது என் தொழில் வாழ்க்கையில் அன்றுதான். கைகூட ஒரு நிமிடம் எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்தது.

"எரியுத பல்பு இந்த வீட்டுல எண்ண முடியாத அளவுக்குக் கெடக்கு மோனே. போதகரையா போட்ட பல்பு ஒண்ணே ஒண்ணுதான் உண்டு."

மொட்டைமாடி தரையா?

டிசம்பரில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் கட்டுவோம். பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டவேண்டும் என்பது எந்தப் போதகரும் சொல்லிக்கொடுக்காத கட்டளை. அப்படி மொட்டைமாடியின் மூலையில் கம்பு நட்டு, அதன் உச்சியில் கட்டியிருந்த ஒரு நட்சத்திரத்தின் உள் பல்பு அணைந்துவிட்டது. வீட்டுக்காரர் ராஜன் அண்ணன் பதறிப்போய் அழைத்தார். பக்கத்து வீட்டில் எரிகிறது. இவர் வீட்டில் எரியவில்லை. கௌரவப் பிரச்சினை.

மாடிப்படி ஏறி மேலே போனதும் எனக்குள் சந்தேகம் வந்துவிட்டது. மொட்டைமாடி தரையா, இல்லையா? காலுக்குக் கீழே சிமெண்ட் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே ஒரு வீடே இருக்கிறது. ஷார்ஜாவில் பத்தொன்பதாவது மாடியில் நின்று வேலை பார்த்தபோது வராத யோசனை. தூணைப் பிடித்துக்கொண்டு சுனிதாவுக்குப் போன் போட்டேன். "எடே, பல்பு மாத்த வந்தியா, பெண்டாட்டிக்கிட்ட உத்தரவு வாங்க வந்தியா?" என்று ராஜன் அண்ணன் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கும். எந்த மூலை, சுவர் எவ்வளவு உயரம், நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, தீர்ப்பைச் சொன்னாள்.

"கைப்பிடிச் சுவர் உள்ள பக்கம் தரை. இல்லாத பக்கம் களியக்காவிளை."

படிக்கட்டின் திருப்பத்தில்

கடைசியாகச் சொல்லவேண்டியது திரேசம்மாள் வீட்டில் நடந்தது. கடற்கரை ஊர். முப்பது வருடம் தலையில் மீன்கூடை சுமந்து விற்றவர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மறுநாள் காலையில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்கு ஒதுக்கிய அறை மாடியில். படிக்கட்டுத் திருப்பத்தில் விளக்கு எரியவில்லை. "வயித்துப் பிள்ளையோட இருட்டுல ஏற முடியுமாலே மக்கா?" என்றார். முடியாதுதான்.

போய்ப் பார்த்தால், நான் பயந்தது அங்கே இருந்தது. பல்பு கீழ்நோக்கித் தொங்கவில்லை. சுவரிலிருந்து பக்கவாட்டில், ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் படுத்துக் கிடந்தது. என் கம்பு மேலே போகும்; பக்கவாட்டில் தள்ளாது. சிரட்டையைச் சாய்த்துக் கட்டினேன், வழுக்கியது. கம்பை வளைத்துப் பார்த்தேன், கண்ணாடி கிணுகிணுத்தது. அரை மணி நேரம் ஆனது. அங்கே கைதான் போகவேண்டும். கை போகவேண்டும் என்றால் கால் எழும்பவேண்டும். திரேசம்மாள் ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து திருப்பத்தில் வைத்தார்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். நாளை வரப்போகிற அந்தப் பெண் இருட்டில் படியைத் துழாவுவது தெரிந்தது. "காலு எப்படி இருக்கு?" என்று கேட்கும் மைத்துனர் முகமும் தெரிந்தது. வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். இடது கால் தரையில். குதிகாலின் ஆணிகள் இரண்டும் விழித்துக்கொண்டன. ஒரு கால் எழும்பினால் சொன்ன சொல் பாதி போயிற்றா, முழுதும் போயிற்றா? பாதிக் களியக்காவிளை என்று ஒன்று உண்டா? அப்படியே நின்றேன். ஏறுவதா இறங்குவதா என்று முன்னும் பின்னும் ஆடினேன்.

"ஏம்லே ஆடுத?" என்றார் திரேசம்மாள். சொன்னேன்: ஏணி, ஆணி, சுனிதா, டைல்ஸ் கடை எல்லாவற்றையும். முழுக்கக் கேட்டார். "செரி, காலை எடு" என்றார். எடுத்தேன். "நாற்காலியப் பிடி" என்றார். பிடித்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் "வேண்டாம், விழுந்துருவீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிட்டார். கூட்டுக்குள் கையை விட்டார். ஒரு தள்ளு, ஒரு திருப்பு. பழையதை என்னிடம் நீட்டி, புதியதை வாங்கிக்கொண்டார். இன்னொரு தள்ளு, இன்னொரு திருப்பு. என் தோளில் கையூன்றி இறங்கி, சுவிட்சைப் போட்டார். படிக்கட்டு முழுவதும் வெளிச்சம்.

"பின்னே ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"ஏலே மக்கா, பல்பு மாத்த எனக்குத் தெரியாதாலே? நாற்காலியப் பிடிக்க வீட்டுல ஒரு ஆளு இல்ல. நீ இத்தன நீளக் கம்போட வந்தியா, செரி, பாவம், ஆசைப்படுதான்னு வுட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து சுனிதாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. வலது காலையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி யோசித்தாள். களியக்காவிளை என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். "அந்தம்மா ஏறும்போது நாற்காலிய நல்லாப் பிடிச்சீங்களா?" என்று கேட்டாள். இரண்டு கையாலும் பிடித்தேன் என்றேன். தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பம் செரி. ஏறத் தெரிஞ்சவங்க ஏறட்டும். நீங்க பிடிக்கிறதையே பண்ணுங்க."

இப்போதும் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பல்பு மாற்றத்தான் கிளம்புகிறேன். எந்த வீட்டுக்கு நான் பல்புக்காரன், எந்த வீட்டுக்கு நாற்காலியின் ஐந்தாவது கால் என்பது மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கே தெரிவதில்லை.