பொழுதுபட்டால் பெயர் சொல்லக்கூடாத சாமான்

லண்டனில் டிசம்பர் மாதம் எத்தனை மணிக்கு இருட்டும் தெரியுமா? நாலு மணிக்கே. மத்தியானச் சாப்பாடு வயிற்றில் இறங்குவதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும். அந்த இருட்டால் போன வாரம் ஒரு நல்ல பெண் பொய் சொன்னார், இன்னொரு நல்ல பெண் அவமானப்பட்டார். நடுவில் நான் – கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

இடம், கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் வதனியின் பலசரக்குக் கடை. வதனியும் கணவரும் பல வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு இங்கே வந்து, அண்மையில்தான் கடை திறந்தார்கள். பக்கத்திலேயே பெரிய கடைகள் இருக்கின்றன. இருந்தும் சனம் இங்கே வருகிறது என்றால் அது வதனியின் முகத்துக்காகத்தான்.

நேரம் நாலரை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கழுத்தில் ஐந்து முனை நட்சத்திரப் பதக்கம். கூடையில் கறுவாப்பட்டை, கராம்பு, சாம்பிராணி. பிரியாணி என்று நினைத்தால்... சாம்பிராணி எதற்கு?

அவர் போனைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக் கூட்டி, தமிழிலேயே கேட்டார். "வ... சம்... பு?"

வதனியின் முகம் கறுத்துவிட்டது. "நோ. நோ ஸ்டாக்" என்றார்.

தன் உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இன்னும் சத்தமாக "வசம்பு" என்றார். பின்னால் நின்ற ஓர் அம்மா வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். வசம்போ, பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கிற அந்த வேர், வதனியின் தலைக்குப் பின்னால், கண்ணாடிப் போத்தலில், எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது. பெண்மணி விரலால் காட்டினார். வதனி நகர்ந்து போத்தலை மறைத்து நின்றுகொண்டு, "டுமாரோ. மோர்னிங்" என்றார்.

பெண்மணி பதக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

(இதை நான் காலை பத்து மணிக்கு எழுதுகிறேன். அதனால்தான் பெயரைத் துணிந்து போடுகிறேன். மாலையில் படிப்பவர்கள் தயவுசெய்து மனதுக்குள் படியுங்கள்.)

விளக்கு வைத்த பிறகு வசம்பின் பெயரைச் சொல்லக்கூடாது. வதனி வீட்டு வழக்கம் அது. நம்மில் இன்னும் பல வீடுகளிலும் உண்டு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"அந்த மனுசி ஆசையாப் பேரைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவ. காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"பேரைச் சொல்லாமல் என்னெண்டு அண்ணை விளங்கப்படுத்துறது?"

"இங்கிலீஷ் பேரைச் சொல்லுறது."

"அந்தச் சாமானுக்கு இங்கிலீஷ் விளங்காதெண்டு நினைக்கிறியளோ?"

வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றிரண்டு நாள் கழித்து வதனியிடமிருந்து போன். அழுகை. இணையத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்திருக்கிறது. கீழே இரண்டு வரி: "கண்முன்னே இருக்கும் பொருளை இல்லை என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இங்கே விற்க மாட்டார்கள்."

"வெள்ளைத்தோல் எண்டு நான் குடுக்கேல்லையாம் அண்ணை. நான் அப்பிடியான ஆளே? இதைப் பாத்தால் இனி ஆர் என்ரை கடைக்கு வருவினம்?"

ஸ்டாக் முடிந்துவிட்டது என்று பதில் போடச் சொன்னாராம் கணவர். ஒரு பொய்யே போதும், இன்னொன்று வேண்டாம் என்றேன். நானே வதனியின் பெயரில் எழுதினேன்: தவறு எங்களுடையது, ஒருமுறை வாருங்கள், காரணம் சொல்கிறோம்.

வந்தார். மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். அவர் வேலை முடித்து வந்ததால் அன்றும் இருட்டித்தான் இருந்தது. பெயர் ஹேசல். கையைக் கட்டிக்கொண்டு முதல் கேள்வியே, "நான் சூனியக்காரி என்பதுதானே உங்களுக்குப் பிரச்சினை?"

நாங்கள் இருவரும் விழித்தோம். "என்னைப் போன்றவர்கள்" என்று அவர் எழுதியது தோலைப் பற்றியே அல்ல. அவர் ஒரு பேகன். அதாவது, கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுகிறவர். வருடத்தின் மிக நீண்ட இரவில் தங்கையின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஹேசல்தான் நடத்தி வைக்கிறார். வாசலில் ரோஸ்மேரிக் கொத்து, புகைக்குச் சாம்பிராணி, ஊர்வாய் குழந்தையைத் தொடாதிருக்கக் கராம்பு. காவலுக்கு, தொட்டிலின் மேலே ஒரு சிறு துணிப்பையில்... அந்தச் சாமான். இணையத்தில் வாங்கலாமே? அது ஆகாதாம். ஒரு மனிதரின் கையால் வாங்க வேண்டுமாம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். அவ்வளவுதான். சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே... நான் சத்தம் போட்டு வேறு சொன்னேனே."

தன் பங்குக்கு அவரும் ஒன்று சொன்னார். எல்டர் என்று இங்கே ஒரு மரம் உண்டு. அதற்குள் இருக்கும் கிழவியிடம் உத்தரவு கேட்காமல் ஒரு கிளைகூட வெட்ட மாட்டாராம். இதை நான் வதனிக்குத் தமிழில் சொன்னேன்.

"பின்னை? கேக்காமல் வெட்டேலுமே?" என்றார் வதனி, என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தபடி.

ஆளுக்கொரு நம்பிக்கை இருப்பதால்தான் சண்டை வருகிறது என்று மேடை மேடையாகப் பேசுகிறோம். நானே பேசியிருக்கிறேன். அடித்துச் சொல்கிறேன் – பாதிச் சண்டை நம்பிக்கையால் வருவதில்லை, கூச்சத்தால் வருகிறது. சிரிப்பார்களே என்று பயந்து வதனி "இல்லை" என்றார். அதே பயத்தில் ஹேசல் பதக்கத்தைப் பொத்தினார். இரண்டு பேருமே சிரிக்கிற ஆட்கள் இல்லை. அந்தக் கடையில் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

"அப்படியென்றால் இப்போது வாங்க வழியே இல்லையா?" என்று கேட்டார் ஹேசல். விடிந்தால் அவருக்கு வேலை.

"இருக்கு. அதுக்கு இரவில சொல்லுற பேர் ஒண்டு இருக்கு" என்றார் வதனி. "பேர் சொல்லாதது."

ஹேசல் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பழகினார். பிறகு நிமிர்ந்து நின்று, முதன்முதலாகக் கடைக்குள் வருபவரைப் போல, "பேர் சொல்லாதது இருக்கா?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கு" என்றார் வதனி. போத்தலைத் திறந்து, நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றினார். "பிள்ளை வாயில வைச்சிடும். எட்டாத உயரத்தில கட்டச் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளைக்கு என்ன பேராம்?"

இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹேசல் உதட்டில் விரலை வைத்தார். சடங்கு முடியும் வரைக்கும் குழந்தையின் பெயரை வெளியே சொல்லக்கூடாதாம்.

"ஓம் ஓம், அது சரி" என்று வதனி உடனே தலையாட்டினார். இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வதனியிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பழைய விமர்சனம் போய்விட்டது. இப்போது ஐந்து நட்சத்திரம். கீழே ஹேசல் எழுதியிருந்தார்:

"கேட்ட பொருள் கிடைத்தது. என்ன பொருள் என்று இப்போது எழுத முடியாது. இருட்டிவிட்டது."