மிக்கேலின் நெற்றித் தழும்பு

விக்டோரியா அந்தப் பழைய நாவலை நடத்தினால் வகுப்பில் யாரும் அசைய மாட்டார்கள். வாய்க்கால் தண்ணீருக்காகத் தம்பி அண்ணனை வெட்டிச் சாய்க்கும் கதை. எழுதியவர், விவிலியத்தில் கூடப்பிறந்தவனைக் கொன்ற காயினையும் செத்துப்போன ஆபேலையும் நெல்வயலுக்கே கூட்டிவந்து நிறுத்தியிருப்பார். கொலைகாரனின் நெற்றியில் ஒரு தழும்பு. “ஆண்டவர் காயினுக்கு இட்ட குறி இது. சாபம்” என்று அம்பாசமுத்திரத்துக் கல்லூரியில் வருஷா வருஷம் சொல்வாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

வேறெப்படிச் சொல்வாள்? உவரிக் கடற்கரையில், அப்பன் விட்டுப்போன வள்ளம் யாருக்கு என்ற சண்டையில், சிலுவை என்ற அவள் புருஷனின் மண்டையைத் துடுப்பால் பிளந்தவன் கூடப்பிறந்த தம்பி மிக்கேல். விழுந்த பிறகும் விடாமல் அடித்தான். அவள் கையிலிருந்த மீன்கத்தியை வீசினாள். அது மிக்கேலின் நெற்றியைக் கிழித்ததே தவிர, படுபாவி சாகவில்லை. ஆயுள் தண்டனையோடு உள்ளே போனான். அவள் கைப்பிள்ளை பெர்லினைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு வந்து, மேலே படித்து, ஆசிரியை ஆனாள். பிள்ளைக்குச் சோற்றோடு அந்தக் கொலையையும் சேர்த்தே ஊட்டி வளர்த்தாள்.

இந்த வருஷம் சித்ரலேகா என்ற மாணவி எழுந்து நின்றாள். சைவ வீட்டுப் பெண், விவிலியத்தைத் தொட்டதில்லை. நாவலை மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தாள்.

“மேடம், தழும்பு சாபம்னா, கதையில பழிவாங்க அரிவாளோட வந்தவங்க அதப் பாத்ததும் ஏன் வெட்டாம திரும்பிப் போறாங்க?”

விக்டோரியாவுக்குப் பதில் தெரியும். சின்ன வயதில் மாதா கோயிலில் படித்ததுதான். காயினை யாரும் கொன்றுவிடக் கூடாது என்றே ஆண்டவர் அந்தக் குறியை இட்டார். சாபமல்ல, காவல். அதைச் சொன்னால் மிக்கேலுக்கும் காவல் உண்டென்று ஆகிவிடும். “திங்கக்கிழமை பாப்போம்” என்று புத்தகத்தை மூடினாள்.

ஞாயிறன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில், விடுதலையான மிக்கேல் வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. “மதினி, ஒரு வார்த்தை…” என்றான். அந்தச் சொல்லிலேயே ஆளைப் புரிந்துகொண்டு, அதற்குள் பெர்லின் அரிவாளோடு பாய்ந்துவிட்டான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. மிக்கேல் தடுக்கக் கையைத் தூக்காமல் முழங்காலில் சரிந்தான்.

உள்ளதைச் சொன்னால், அந்த வெட்டு விக்டோரியாவுக்கு இனித்தது. இன்னும் ஒன்று போடட்டும் என்றிருந்தது. அரிவாள் மறுபடி உயர்ந்தபோதுதான் நெற்றித் தழும்பு கண்ணில் பட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்வியும் கூடவே வந்தது. இது விழுந்தால் அடுத்த கொலைகாரன் அவள் பெற்ற பிள்ளை.

குனிந்து தன் உள்ளங்கையால் தழும்பை மூடினாள். பெர்லின் பதறித் தன் கையைப் பின்னுக்கு இழுத்தும், அரிவாள் அவள் புறங்கையைக் கிழித்துக்கொண்டுதான் நின்றது.

“ஏலே, கீழ போடு. இது நான் போட்ட குறி. இவனக் கொன்னா நாளைக்கு நீயும் இவந்தாம்லே.”

அரிவாள் தரையில் விழுந்தது. பெர்லின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

“மதினி, என்ன மன்னிச்சிட்டீங்களா?” என்றான் மிக்கேல்.

“இல்ல. எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. இங்கனயே இருந்தா நானே வெட்டிருவேன்.”

மறுநாள் கையில் கட்டோடு வகுப்புக்குப் போனாள். இத்தனை வருஷம் பாதியை மறைத்து நடத்தியதாகச் சொல்லிவிட்டு, அந்தக் குறி காவல் என்றாள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.