இரண்டாம் வகுப்பின் செவ்வாய்க்கிழமை

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் டீச்சர். பொன்னமராவதிப் பக்கத்துக்காரி. கடலைப் பக்கத்தில் நின்று பார்த்ததே கோட்டைப்பட்டினத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கிழமை சொல்லிக்கொடுக்கப் போனேன். வினையெல்லாம் அதில்தான் வந்தது.

கிழமை ஏழுதானே, லேசு என்று நினைப்பீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், தெரியும். ஞாயிறு முதல் சனி வரை மூச்சு விடாமல் பாடும். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால் முழிக்கும். நேற்று, இன்று, நாளை மூன்றும் அதுகளுக்கு ஒரே குழம்பு. "நேத்து எங்க மாமா கல்யாணத்துக்குப் போவோம் டீச்சர்" என்று ஒரு பயல் சொன்னான். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. சாக்பீஸை மேசையில் வீசிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்கள் உண்டு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்த ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ஊரில் அதைப் போட் என்பார்கள். ஒரு நாள் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்மா, தொழில் கிடையாது. அ, ஆ தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இது தெரியும். ஒரு பெரிய அட்டையில் ஏழு கட்டம் போட்டேன். திங்களில் கடல், செவ்வாயில் கரை, புதனில் கடல், வியாழனில் கரை, வெள்ளியில் காயப்போட்ட வலை என்று வரைந்தேன். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு போட் வெட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். தினமும் ஒரு பிள்ளை எழுந்து வந்து போட்டை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். "இன்னைக்குத் திங்கள். போட் கடலுக்குப் போகுது. நாளைக்குச் செவ்வாய். அத்தா வருவாங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள், அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சரியாகச் சொன்னால் எல்லோரும் கைதட்ட வேண்டும்.

பத்தே நாளில் கிழமை தண்ணீர் பட்ட பாடாக ஆகிவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். அவருடைய மகள் இரண்டாம் வகுப்பு. முதல் வரிசையில் உட்காரும், வாயாடி, போட் நகர்த்துவதில் முதல் ஆள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அத்தா வருவாகன்னு வெறுமனே சொல்ல வேணாம். இன்ஷா அல்லாஹ் வருவாகன்னு சொல்லச் சொல்லுங்க. கடலுக்குப் போனவுகள நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

இறைவன் நாடினால் என்று அதற்கு அர்த்தம். எனக்கும் தெரியும். தெரிந்தே சிரித்தேன். "அதெல்லாம் வீட்டுல சொல்லிக்கங்கம்மா. இங்க சேத்தா பாடம் கொழம்பிரும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. அன்று போட்டை நகர்த்தியது அந்த அம்மாவின் மகள்தான். "நாளைக்குச் செவ்வாய். அத்தா வருவாங்க" என்று கத்திச் சொல்லி, எல்லோரும் கைதட்ட, துள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அன்று இரவு காற்றில் அவள் அத்தா போன போட் கவிழ்ந்துவிட்டது. நான்கு பேரில் மூன்று பேரை வேறு போட்காரர்கள் தூக்கி வந்தார்கள். அவள் அத்தாவைக் காணவில்லை. ஊரே திரண்டு போய் ஒரு வாரம் தேடியது. சட்டை கூடக் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். எண்ணெய் வைத்துத் தலை பின்னி, வழக்கம்போலத்தான் வந்தாள். கணக்குப் போட்டாள், பாட்டுப் பாடினாள். கிழமை கேட்டால் மட்டும் திங்கள் என்றாள். புதன்கிழமை கேட்டாலும் திங்கள், வெள்ளிக்கிழமை கேட்டாலும் திங்கள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவற்றை அதட்டி உட்கார வைத்தேன். பாவம், அதிர்ச்சியில் மறந்துவிட்டது, போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் மதிப்பீடு வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, செல்போனில் டிக் போட வேண்டும். அன்று சர்வர் வேறு படுத்தி எடுத்தது. அவள் முறை வந்தது. கேட்டேன். திங்கள் என்றாள். மறுபடி கேட்டேன். திங்கள்.

"எத்தன தடவதான் சொல்லிக் குடுக்குறது? இன்னைக்கு வியாழன்! வியாழன்!" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. எனக்கு ஏதோ விளங்கவில்லை என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "இல்ல டீச்சர். செவ்வா இன்னும் வரல. செவ்வான்னா அத்தா வரணும்ல. நீங்கதான சொன்னீங்க."

அடிப் பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த அம்மா கேட்ட ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், வருவதும் வராமல் போவதும் உண்டு என்று அந்தப் பிஞ்சு மனதில் ஒரு மூலையிலாவது இருந்திருக்கும். நான்தான் கைதட்டி, அடித்துச் சொல்லி, சத்தியம் மாதிரி ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கலர் சேலையில்தான் இருந்தார். நடந்ததைச் சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க என்ன செய்வீங்க டீச்சர்" என்றார். "அவுக முங்கிப் போனத கூடப் போனவுக கண்ணால பாத்து வந்து சொல்லிட்டாக. பள்ளிவாச ஜமாத்துலயும் இத்தா இருக்கச் சொல்றாக. மய்யித்தப் பாக்காம எப்படி டீச்சர் உக்காருவேன்? நான் உக்காந்துட்டா அவ கேப்பால்ல. நீங்க டீச்சரு, நீங்களே பதமாச் சொல்லிருங்க. என்னால முடியாது."

மய்யித் என்றால் இறந்தவர் உடல். புருஷனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வெள்ளைச் சேலை கட்டி வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் இத்தா. அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அம்மாவால் முடியாததை என்னிடம் கொடுத்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னேனா? இல்லை. மறுநாள் சீக்கிரமே போய் அட்டையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினேன், அவ்வளவுதான். அவளிடம் கிழமை கேட்பதையே விட்டுவிட்டேன். பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள், ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வரி சொல்ல முடியாமல் கோழையாகத் திரிந்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஒரு புதன்கிழமை. அவளை அவள் மாமா பைக்கில் கொண்டுவந்து விட்டார். வழக்கமாக அம்மாதான் வருவார். "அம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டேன்.

"அம்மா வெள்ளச் சேல கட்டி ரூமுல இருக்கு. வெளிய வராது" என்றாள்.

புரிந்துவிட்டது. மதிய உணவுக்கு முன் பிள்ளைகளிடம் பொதுவாகக் கிழமை கேட்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவள் எழுந்தாள். "புதன்" என்றாள். பழக்கத்தில் வகுப்பு முழுக்கக் கைதட்டியது. இத்தனை நாள் எந்தப் பதிலுக்காகக் கத்தினேனோ அந்தப் பதில் வந்துவிட்டது. அவள் திங்கள் என்றே சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடின பிறகு அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அப்ப செவ்வா போயிருச்சா?"

"போயிருச்சு கண்ணு."

"அத்தா வராமயே போயிருச்சா?"

"ஆமாடா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

மேசை விளிம்பைச் சுரண்டினாள். பிறகு, "நாளைக்கு வியாழனா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. நாளைக்கு வியாழன். நீ வருவ, நான் வருவேன், எல்லாரும் வருவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்ஷா அல்லாஹ் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன்.