அருண்பாண்டி போட்ட மார்க்

அருண்பாண்டிக்குத் திருமங்கலத்துப் பக்கம் ஊர். மருந்துக் கிடங்கொன்றில் வேலை. ஞாயிறானால் அரிவாளோடு ஏதாவதொரு கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டப் போய்விடுவான். அவனைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் இளைஞர் குழு அது. குழுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போய்விடும். உதவிக்கு வர நினைக்கும் வெளியாட்களுக்கு எந்த வாரம் எந்தக் கண்மாய் என்று சொல்ல ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. காசு கிடையாது. இலவச மென்பொருளில் எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் அவனிடம் வந்தது.

மூன்றை எடுத்தான். அதில் ஒன்றோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினான். இன்னொன்றை, குழுவில் இருந்த, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பாண்டிமீனாவிடம் சும்மா பார்க்கக் கொடுத்தான். அவள் சாப்பாட்டு நேரத்தில், போனிலேயே விரலால் தள்ளித் தள்ளி, தேதி, வழி, படம் எல்லாம் வைத்து ஒரு பக்கத்தை முடித்துவிட்டாள். ஆரப்பாளையம் டீக்கடையில் குழு கூடியபோது அதைப் பார்த்த கூட்டாளி மலையாண்டி, "மாப்ள, இனி நீ எதுக்கு?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு தைத்தது. அடுத்த கூட்டத்தில், அவள் பக்கம் செய்த மென்பொருளுக்குப் பத்துக்கு மூன்று என்று மார்க் போட்டு எழுதி வாசித்தான். பாதுகாப்பில்லை, திடீரென்று மூடிவிடுவார்கள் என்றான். இரண்டும் பொய். யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவன் மல்லுக்கட்டிய மென்பொருளிலேயே தளம் அமைந்தது. அதில் ஓர் எழுத்தை மாற்றவும் அவன்தான் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை, கால்வாயில் தண்ணீர் திறந்ததில் மறுநாள் வெட்ட வேண்டிய கண்மாய் நிரம்பத் தொடங்கியது. வேலை ரத்து. தளம் மட்டும் எல்லோரையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தது. அருண்பாண்டிக்கு இரவு ஷிஃப்ட். கிடங்கு வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். விடிந்து வெளியே வந்ததும் பாண்டிமீனா விடாமல் அழைத்திருந்தது தெரிந்தது. வண்டியை நேரே கண்மாய்க்கு விட்டான்.

கரைக்குப் பிரியும் பாதையில் அவள் மழையில் நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ் பிடித்து வந்து, தளத்தைப் பார்த்துக் கிளம்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லூரி வேன் மட்டும் அவளுக்கு முன்பே உள்ளே போய்ச் சேற்றில் புதைந்துவிட்டது. அவள் கூப்பிட்டு ஓடி வந்த குழுக்காரர்கள் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அவனைக் கூசவைத்தது.

"மீனா, நீ செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. பாதுகாப்பில்லன்னு நான் சொன்னது பொய்."

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "அத ஏண்ணே எங்கிட்ட மட்டும் சொல்றீங்க? அம்புட்டுப் பேரு முன்னாலதான வாசிச்சீங்க?"

அருண்பாண்டி சேற்றில் இறங்கிப் போய், எல்லோரிடமும் சொன்னான். மலையாண்டி தள்ளுவதை நிறுத்தாமலே, "விடு மாப்ள, இதெல்லாம் ஒரு விசயமா" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அருண்பாண்டிக்கு இருந்தது. தானும் தோள் கொடுத்தபடி, இனி தளத்தைப் பாண்டிமீனாவே பார்த்துக்கொள்ளட்டும், பாஸ்வேர்டைத் தந்துவிடுகிறேன் என்றான்.

"அது வேண்டாம்ணே," பாதையிலிருந்தே சொன்னாள் அவள். "அந்த மூணு சாஃப்ட்வேரையும் நான் மொதல்லருந்து பாக்குறேன். ஒங்க மார்க்க வச்சு இல்ல."

அருண்பாண்டி தலையை நிமிர்த்தாமல் வேனைத் தள்ளினான்.