லீக் மாமாவின் டிரம்முக்கு மூச்சு வந்தது

எங்கள் மாமாவின் மூக்கு நுனியில் எப்போது பார்த்தாலும் ஒரு பொட்டு சோப்பு நுரை காய்ந்திருக்கும். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, குழாய் மேல் நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று முகத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட கசிவைக்கூட விடாமல் துரத்திப் பிடித்து அடைத்துவிடுவார். அதனால் தெருவில் அவருக்கு லீக் மாமா என்றே பேர்.

வீட்டிலும் அதே வேலைதான். சொட்டும் குழாய், காற்று நுழையும் ஜன்னல், சரியாக மூடாத சர்க்கரை டப்பா, எதையும் விட்டுவைக்க மாட்டார்.

"இந்த வீட்டுல அடைக்காத ஓட்டை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உங்க வாய்" என்பார் அத்தை. அத்தைக்குத் தையல் வேலை. மெஷினை மிதித்துக்கொண்டே மாமாவை வாருவது கூடுதல் வேலை.

அப்பேர்ப்பட்ட மாமாவுக்கு இறைச்சி வாட்டும் புகை அடுப்பு செய்யும் கிறுக்கு பிடித்துவிட்டது. ஜூஸ் கம்பெனி ஒன்றின் குளிர் அறையைச் சரிசெய்யப் போனவர், திரும்பும்போது ஒரு காலி இரும்பு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் வைத்துப் பெயின்ட் போகும்வரை அதைச் சுட்டெரித்தார், தேய்த்துக் கழுவினார். அடியில் கரிக்கூடை, மேலே கோழியைத் தொங்கவிடக் கம்பியும் கொக்கிகளும். தீ நாக்கு படாமல், சூட்டிலும் புகையிலுமே கறி மெதுவாக வேக வேண்டும்.

"வாரம் பூரா ஐஸ்ல கைய விட்டுக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமையாவது நெருப்புக்கிட்ட நிக்கிறேனே" என்று கேட்டே அத்தையைச் சம்மதிக்க வைத்தார்.

ஆனால் கை பிரிட்ஜ் மெக்கானிக்கின் கையாயிற்றே. மூடியைச் சுற்றி, பேக்கரி அடுப்புக் கதவுக்குப் போடும் தீ தாங்கும் கயிற்றைப் பதித்தார். காற்றுக்கென்று அடியில் பென்சில் நுழைகிற ஒரு ஓட்டை, மூடியில் அதே அளவில் இன்னொன்று. அதற்கு மேல் அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. ஒன்றை அடைத்து, மற்றதில் காற்றடித்து, விளிம்பு முழுக்க நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி கிளம்பவில்லை.

"புகை ஒரு துளி வீணாப் போகாது. மொத்தமும் கோழிக்குத்தான்."

"அதுக்கு மூச்சு முட்டாதா?"

"அது ஏற்கனவே செத்துப்போச்சுடி."

முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பென்சில் ஓட்டை வழியாகவே கொல்லையை மறைக்கிற அளவுக்குப் புகை வந்தது. தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் பறக்கவிட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று கிளம்பி, நேராக மாடி பால்கனிக்குப் போனது. அங்கே வீட்டுக்கார அம்மாவின் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளே ஒரு விரிப்போடு இறங்கி வந்தார்.

"மோந்து பாருங்க."

மாமா மோந்து பார்த்தார்.

"இதுல படுத்தா கனவுலகூட தீயணைப்பு வண்டிதான் வரும். உங்க முகத்துக்காக இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை பொறுத்துக்கிறேன். அன்னிக்கும் துணி நாறுச்சுன்னா டிரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிடணும். சொல்லிட்டேன்."

மாமா தலையாட்டினார். கோழியாவது தேறியதா என்றால் அதுவும் இல்லை. ஒரு வாய் கடித்ததும் எங்கள் நாக்கெல்லாம் மரத்துவிட்டது. தார் பூசிய மாத்திரையைக் கடித்தது போல அப்படி ஒரு கசப்பு.

நொந்துபோனவர் தண்ணீரைக் கொட்டி அணைக்கலாம் என்று மூடியைக் கழற்றினார். உள்ளே மங்கிக் கிடந்த கரி சட்டென்று சிவந்து, குப்பென்று எரிந்தது. புகை காணாமல் போனது. குடத்தோடு அப்படியே நின்றார். மூடினார், வெள்ளைப் புகை. திறந்தார், புகையே இல்லை. மறுபடி மூடினார், திறந்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"கரி மேல தப்பில்லடி, தப்பு என் மேல. நெருப்புக்குக் காத்து பத்தல. அரைகுறையா எரியுது, அதான் இந்தப் புகை, இந்தக் கசப்பு. பிரிட்ஜுக்கு எது ஆகாதோ இதுக்கு அதுதான் சோறு."

அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. அடியில் பொருத்தக் கைப்பிடி வைத்த வால்வுகள், மூடிக்குப் புகைபோக்கியாக ஒரு குழாய், எல்லாம் வந்து சேர்ந்தன. எங்கெங்கே துளை என்று சாக்பீஸால் வட்டம் போட்டாயிற்று. சனிக்கிழமை டிரில்லிங் மெஷினை வட்டத்தில் வைத்தார். வைத்தவர் வைத்தபடியே நின்றார்.

"என்ன, டிரம் ஏதாவது சொல்லுதா?" என்றார் அத்தை.

"அடைச்சே பழகின கைடி. நல்லா இருக்கிற இரும்புல ஓட்டை போட மனசு வரல."

"நகருங்க. காஜா எடுக்கலன்னா சட்டைக்கு பட்டன் ஏது? நான் போடுறேன்."

அத்தை மெஷினை வாங்கி அழுத்தினார். கிரீச்சென்ற சத்தத்தில் மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், பல் பிடுங்க உட்கார்ந்தவர் போல. சத்தம் நின்றதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, மெதுவாகக் குனிந்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். அவ்வளவுதான். மெஷினைப் பிடுங்கிக்கொண்டார். மிச்சத் துளைகள் மளமளவென்று விழுந்தன.

"போதும், சல்லடை ஆக்கிடாதீங்க" என்று அத்தைதான் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் மாடிக் கொடியில் வழக்கத்தைவிட அதிக விரிப்புகள் தொங்கின. வீட்டுக்கார அம்மா வேண்டுமென்றேதான் போட்டிருந்தார். மாமா கரியைப் பற்றவைத்தார். வந்தது அதே வெள்ளைப் புகை.

"போச்சு" என்றார் அத்தை.

"பொறுடி. இப்பத்தான் பத்துது. சூடு ஏறட்டும்."

வால்வு எல்லாவற்றையும் முழுக்கத் திறந்தார். புகை சாம்பல் நிறமானது, மெலிந்தது, பிறகு எங்கே போனது என்றே தெரியவில்லை. புகைபோக்கி வாயில் மட்டும் லேசான நீலமாக ஏதோ நடுங்கியது. கருப்புச் சுவரைப் பின்னால் வைத்துப் பார்த்தால்தான் அது இருப்பதே தெரிந்தது. எவ்வளவு அழகு தெரியுமா அந்த நீலம். அதன் பிறகே கோழிகளைத் தொங்கவிட்டார். வால்வைக் கொஞ்சம் மூடினால் தணல் அடங்கியது, திறந்தால் எழுந்தது.

"சொன்ன பேச்சு கேக்குதுடி."

"உங்ககிட்ட இருந்துகிட்டு அத மட்டும் எங்க கத்துக்கிச்சோ."

கோழித்தோல் செம்பு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாமா சட்டென்று எழுந்து டிரம்மை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, இன்னிக்குப் பத்த வைக்கலையா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

மாமா நகர்ந்து மூடியைத் திறந்தார். அந்த வாசனை கொல்லை முழுக்கப் பரவியது. அத்தை ஒரு தொடையைத் தட்டில் வைத்து நீட்டினார். அந்த அம்மாள் நின்றபடியே தின்றார். எலும்பு வெறும் எலும்பாகும்வரை விடவில்லை.

"டிரம் இங்க இருக்கக் கூடாது" என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போனது.

"சுத்திச் செவுரு, காத்தே இல்ல. மொட்டை மாடிக்குக் கொண்டு போங்க. அங்க எல்லாருமா உக்காரலாம். எங்க வீட்டுல ஆறு பேரு, கோழி பத்தாது."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் புகை மேல் பழிபோடக்கூட அங்கே புகை இல்லை. விறுவிறுவென்று படிக்கட்டுக்குப் போய் அகலத்தை ஜாண் போட்டு அளந்தார், திரும்பி வந்து டிரம்மைத் தூக்கக் குனிந்தார்.

"உள்ள நெருப்பு இருக்குங்க" என்றார் அத்தை. "முதல்ல சாப்பிடுவோம்."