கடைசிப் பந்தி

திருவிருந்து நாளில் அத்தையின் முழங்கை என் தோளில் இடிக்கும். பலிபீடத்தின் முன் இருந்த தேக்குக் கிராதியை ஒட்டி எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டு, கைகளை ஏந்திக் காத்திருப்போம். எவ்வளவு நெருக்கடியானாலும் அத்தை யாருக்காகவும் ஒடுங்கியதில்லை.

ஒடுங்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அத்தை முசரவாக்கத்திலிருந்து நடந்தே கோயிலுக்கு வந்த வயதில், காலனிச் சனத்துக்குக் கடைசிப் பந்தி. மற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்கி எழுந்துபோன பிறகுதான் கிராதிப் பக்கம் போகலாம். கோபுர வாசல்களுக்கு வெளியே நின்று கால்கடுத்த சனம், 'உள்ளே வா' என்ற ஒரு சொல்லை நம்பிக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது. உள்ளேயும் ஒரு வெளியை வரைந்துவைத்திருந்தது சபை. நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிறு, அத்தை முதல் பந்தியில் போய் முழங்காலிட்டார். "பின்னாடி வாம்மா" என்றாராம் சபை மூப்பர் ஒருவர். "ஏங்க, முன்னாடி வந்தா ஆண்டவரு தரமாட்டாரா?" அத்தை எழவில்லை. போதகர் திகைத்து நின்றார், பிறகு கொடுத்தார். அடுத்த திருவிருந்தில் அத்தைக்குப் பின்னால் காலனியே வந்தது.

தெருவும் தரையும் சமமாக இருந்த அந்த ஓட்டுக்கூரைக் கோயிலை இடித்துவிட்டார்கள். இப்போது கீழே கல்யாண மண்டபம், மேலே ஆலயம். முகூர்த்தப் பட்டு எடுக்கச் சீமையெல்லாம் வரும் ஊர், மண்டபம் சும்மா கிடக்காது என்றது கமிட்டி. ஆண்டவரை மாடியேற்றிவிட்டு வாசலை வாடகைக்கு விட்டோம். படிகள் செங்குத்து. லிப்டுக்கென்று விட்ட இடத்தில் நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஏற முடியாதவர்கள் கீழே உட்கார்ந்து டிவியில் ஆராதனை பார்க்க வேண்டும். மேலே எல்லாரும் வாங்கி முடித்த பிறகு போதகர் தட்டோடு இறங்கி வருவார். மூட்டு தேய்ந்துபோன அத்தைக்கும் அங்கேதான் இடம்.

கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன். "வயசானவங்க வசதிக்குத்தான் சார் பண்ணிக்கீறோம். டிவில இன்னும் கிட்ட தெரியுதே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு எரிகிறது. அன்றைக்காவது தள்ளிவைக்கிறோம் என்று தெரிந்து தள்ளிவைத்தார்கள். இன்றைக்கு அதற்கு வசதி என்று பெயர்.

போன திருவிருந்தன்று போதகர் இறங்கி வந்து அத்தையிடம் அப்பத்தை நீட்டினார். அத்தை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மேல எல்லாருக்கும் ஆயிடுச்சாங்க ஐயா?"

"ஆயிடுச்சும்மா. நீங்கதான் பாக்கி."

"அப்ப எனக்கு வேணாம். கடைசிப் பந்தியை நான் எப்பவோ உட்டுட்டேன். அடுத்த தரம் கீழருந்து ஆரம்பிங்க. மேல இருக்கறவங்களுக்குக் காலு நல்லாத்தான இருக்குது, காத்துக்கினு இருப்பாங்க."

பக்கத்து நாற்காலிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கைகளை மடக்கிக்கொண்டார்கள். தட்டிலிருந்த அப்பம் அப்படியே மாடிக்குத் திரும்பிப் போனது.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானிக்கக் கமிட்டி கூடப்போகிறதாம். அத்தையையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் மாடியில்.